மைக்கேல் லாட்ரப் ஏன் எங்கும் நிலைக்கவில்லை?

கேள்வி இது: "டென்மார்க்கின் மைக்கேல் லாட்ரப் ஆட்டக்காரராக அவ்வளவு பெரிய ஆள். பயிற்சியாளரான பிறகு ஏன் பெரிய கிளப் எதற்கும் போகவில்லை? தோல்வி என்றே எடுத்துக்கொள்ளலாமா? அவர் தயார் செய்த அணியின் ஆட்டம் ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் எதைப் பார்ப்பது?"

தோல்வி என்று சொல்ல மாட்டேன். டென்மார்க்கில் லீக் பட்டமும் கோப்பையும் ஒரே வருடத்தில் வாங்கிக் கொடுத்தவர். வேல்ஸில் ஒரு கிளப்புக்கு அதன் நூற்றாண்டு சீசனில் முதல் பெரிய கோப்பையை வென்று கொடுத்தவர். மாட்ரிட் புறநகரிலிருந்த ஒரு சின்ன அணியை ஐரோப்பியப் போட்டி ஒன்றின் அரையிறுதி வாசல் வரை கூட்டிப் போனவர். ஆனால் நிலைக்கவில்லை என்பது உண்மை. அதற்குக் காரணம் அவருக்குத் தொழில் தெரியாதது என்று நான் நினைக்கவில்லை. மேலே இருப்பவர்களோடு ஒத்துவரவில்லை என்றால் சண்டை போட்டு ஜெயிக்கப் பார்க்கிற ஆள் அவர் கிடையாது. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். இந்தக் குணம் ஆடிய காலத்திலேயே இருந்தது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1964 ஜூன் 15-இல் கோபன்ஹேகனை ஒட்டிய ஃப்ரெடரிக்ஸ்பெர்கில் பிறந்தார். அப்பா ஃபின் லாட்ரப் டென்மார்க் அணிக்கு ஆடியவர். தாய்மாமன் எப்பே ஸ்கோவ்தால் பின்னாளில் பயிற்சியாளராகப் பேர் வாங்கினார். தம்பி பிரையன் லாட்ரப்பைப் பற்றித் தனியாகவே எழுதலாம். சுருக்கமாகச் சொன்னால், வீட்டில் சாப்பாட்டு மேஜையிலும் பந்துதான். பதினெட்டாவது பிறந்தநாளன்றே டென்மார்க் சீனியர் அணிக்கு முதல் ஆட்டம், நார்வேக்கு எதிராக. தோற்ற ஆட்டம்தான், ஆனாலும் பையன் கோல் போட்டான்.

அடுத்த வருடம் லிவர்பூல் கேட்டது. மூன்று வருட ஒப்பந்தம் என்று பேசி முடித்தார்கள். கடைசி நேரத்தில் லிவர்பூல் அதே சம்பளத்துக்கு நான்கு வருடம் என்று மாற்ற, லாட்ரப் போகவில்லை. பத்தொன்பது வயது, எதிரில் அன்றைய ஐரோப்பாவின் பலமான கிளப்புகளில் ஒன்று. பேச்சு மாறியது, வேண்டாம் என்றுவிட்டார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

போனது இத்தாலியின் யுவென்டஸுக்கு. அங்கே அன்று இரண்டு வெளிநாட்டவருக்கு மேல் இடம் கிடையாது. பிளாட்டினியும் போனியெக்கும் இருந்ததால், இரண்டு வருடம் லாட்சியோவுக்கு இரவலாகப் போய் ஆட வேண்டியிருந்தது. 1985-இல் திரும்பி வந்து இத்தாலிய லீக் பட்டம் வாங்கினார். டோக்கியோவில் நடந்த கண்டங்களுக்கு இடையிலான கோப்பையில் கோட்டோரத்திலிருந்து நம்ப முடியாத கோணத்தில் ஒரு கோல் போட்டு ஆட்டத்தைச் சமன் செய்தார். பிறகு பெனால்டியைத் தவறவிட்டார். அணி எப்படியோ ஜெயித்துவிட்டது.

1986 உலகக் கோப்பையில் உருகுவேயை 6-1 என்று டென்மார்க் அடித்த ஆட்டத்தை நீங்கள் யூடியூபில் பார்த்திருக்கலாம். தடுக்க வந்தவர்களையெல்லாம் பக்கம் மாற்றிவிட்டு கீப்பரையும் தாண்டிப் போட்ட கோல் இவருடையதுதான். அந்த அணியின் பயிற்சியாளர் ஜெர்மனிக்காரரான செப் பியோன்டெக். பின்வரிசையிலிருந்து பந்தை நடத்திக்கொண்டு வந்த கேப்டன் மோர்டன் ஓல்சன். இந்த ஓல்சன் கதையில் மூன்று முறை வருவார்: முதலில் கேப்டன், பிறகு பயிற்சியாளர், அப்புறம் மேலதிகாரி.

1989-இல் பார்சிலோனா, யோஹான் க்ரைஃப் பயிற்சி கொடுத்த அணி. லாட்ரப் என்ற பெயருக்கு இன்றும் ஒளி இருப்பது இந்த ஐந்து வருடங்களால்தான். இடது பக்கம் பார்த்துக்கொண்டே வலது பக்கம் பந்தைத் தள்ளுவார். எதிராளியும் கேமராக்காரரும் சேர்ந்தே ஏமாறுவார்கள். ஒரு காலிலிருந்து மறு காலுக்குப் பந்தைச் சட்டென்று நகர்த்தி இருவருக்கு நடுவே நழுவிப் போகிற வித்தையை ஸ்பெயின்காரர்கள் 'க்ரோகெட்டா' என்பார்கள். நம் தலைமுறைக்கு அது இனியெஸ்டாவின் சொத்து. அதற்கு முன்னால் அது லாட்ரப்புடையது. 1991 முதல் 1994 வரை தொடர்ந்து நான்கு லீக் பட்டங்கள், 1992 மே மாதம் லண்டன் வெம்ப்ளியில் சம்ப்டோரியாவை வென்று கிளப்பின் முதல் ஐரோப்பியக் கோப்பை. கூடுதல் நேரத்தில் அந்த ஒற்றைக் கோலைப் போட்டவர் ரொனால்ட் கூமன். இவரும் திரும்ப வருவார்.

இதே காலத்தில்தான் அவருடைய குணம் வெட்டவெளிச்சமானது. 1990-இல் டென்மார்க் தேசிய அணிக்கு ரிச்சர்ட் மோலர் நீல்சன் பொறுப்பேற்றிருந்தார். தற்காப்பை முன்னிறுத்தும் ஆட்டம் அவருடையது. லாட்ரப்புக்குப் பிடிக்கவில்லை. அந்த வருடக் கடைசியில் தேசிய அணிக்கே ஆட மாட்டேன் என்று ஒதுங்கினார், தம்பியும் கூடவே. தம்பி பிறகு மனம் மாறித் திரும்பிவிட்டார், அண்ணன் திரும்பவில்லை. 1992-இல் நாடுகள் மோதும் ஐரோப்பியக் கோப்பைக்கு டென்மார்க் தகுதியே பெற்றிருக்கவில்லை. போர் காரணமாக யூகோஸ்லாவியாவை விலக்கியதால் கடைசி நேரத்தில் அழைத்தார்கள். அப்படிப் போன அணி இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியை 2-0 என்று வென்று கோப்பையோடு வந்தது. நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் அந்தப் படத்தில் இல்லை.

1993-இல் மனம் மாறித் திரும்பினார். உலகக் கோப்பைத் தகுதிக்கான கடைசி ஆட்டம் செவில்லில், ஸ்பெயினுக்கு எதிராக. பத்து நிமிடம்கூட முழுதாகப் போயிருக்காது, பந்தோடு உள்ளே நுழைந்த லாட்ரப்பை ஸ்பெயின் கீப்பர் சுபிசரேட்டா இடித்துத் தள்ளிச் சிவப்பு அட்டை வாங்கினார். பார்சிலோனாவில் இருவரும் ஒரே அணி! பத்துப் பேரோடு ஆடிய ஸ்பெயின் 1-0 என்று ஜெயித்தது, டென்மார்க் 1994 உலகக் கோப்பைக்குப் போகவில்லை. 1995-இல் ரியாத்தில் அர்ஜென்டினாவை 2-0 என்று வென்று, பின்னாளில் கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பை என்று பெயர் பெற்ற போட்டியில் பட்டம் வாங்கினார்கள். இறுதி ஆட்டத்தில் பெனால்டியை இவர்தான் அடித்தார். அதுதான் தேசிய அணியோடு அவர் வாங்கிய ஒரே பெரிய பட்டம்.

க்ரைஃபோடும் கடைசியில் கசந்தது. ரொமாரியோ வந்த பிறகு பார்சிலோனாவில் நான்கு வெளிநாட்டவர் ஆகிவிட்டார்கள்: கூமன், ஸ்டோய்ச்கோவ், ரொமாரியோ, லாட்ரப். களத்தில் மூவருக்குத்தான் இடம். 1994 மே மாதம் ஏதென்ஸில் மிலானுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தில் லாட்ரப்பை க்ரைஃப் உட்கார வைத்தார். பார்சிலோனா 4-0 என்று நொறுங்கியது. இவரிடம் இருக்கும் திறமைக்கு இன்னும் வெறியோடு உழைக்க வேண்டும் என்பது க்ரைஃபின் ஓயாத குறை. பிழைப்புக்குப் பந்தைத் தவிர வேறு வழியில்லாத ஒரு ஏழைச் சேரியில் பிறந்திருந்தால் இவரைத் தாண்ட ஆளே இருந்திருக்காது என்ற மாதிரி அவர் பேசியதும் உண்டு. திட்டினால்தான் வேலை நடக்கும் என்பது க்ரைஃப் வழி. திட்டுகிற இடத்தில் இருக்க மாட்டேன் என்பது லாட்ரப் வழி.

எங்கே போனார்? நேரே ரியல் மாட்ரிட். 1994 ஜனவரியில் ரியல் மாட்ரிட்டை 5-0 என்று அடித்த பார்சிலோனா அணியில் இருந்தவர், சரியாக ஒரு வருடம் கழித்து 1995 ஜனவரியில் பார்சிலோனாவை 5-0 என்று அடித்த ரியல் மாட்ரிட் அணியில் இருந்தார். அந்த சீசன் பட்டமும் மாட்ரிட்டுக்கே. இவர் கணக்கில் தொடர்ந்து ஐந்து லீக் பட்டங்கள், இரண்டு சட்டைகளில். 5-0 என்ற எண் இவர் வாழ்க்கையில் வந்துகொண்டே இருக்கும், கவனியுங்கள்.

மாட்ரிட்டுக்குப் பிறகு ஜப்பானில் விசல் கோபே. கடைசி வருடம் அம்ஸ்டர்டாமில் அயாக்ஸ், பயிற்சியாளர் யார் என்றால் மோர்டன் ஓல்சன். 1997-98-இல் டச்சு லீக், கோப்பை இரண்டும். அதே கோடையில் பிரான்ஸ் உலகக் கோப்பைக்குக் கேப்டனாகப் போனார். நைஜீரியாவை 4-1 என்று விரட்டிய ஆட்டமும், நான்ட் நகரில் பிரேசிலிடம் 3-2 என்று தோற்ற காலிறுதியும் மறக்க முடியாதவை. அந்தப் பிரேசில் ஆட்டம் நம் நேரத்துக்கு நள்ளிரவு தாண்டித் தொடங்கியது. வீட்டில் எல்லோரும் தூங்க, டிவியின் சத்தத்தைக் குறைத்து வைத்துப் பார்த்தேன். ஆட்டம் முடிந்ததும் முப்பத்து நான்கு வயதில் அவர் விடைபெற்றுக்கொண்டார். டென்மார்க்குக்காக 104 ஆட்டங்கள், 37 கோல்கள். 2006-இல் டென்மார்க் கால்பந்துச் சங்கம் அவரை அந்நாட்டின் எல்லாக் காலத்துக்குமான சிறந்த ஆட்டக்காரர் என்று அறிவித்தது.

சரி, இனி பயிற்சியாளர்.

2000-இல் ஓல்சன் டென்மார்க் தேசிய அணிக்குப் பொறுப்பேற்றபோது லாட்ரப்பைத் துணைப் பயிற்சியாளராகக் கூப்பிட்டார். அதுவரை நான்கு-நான்கு-இரண்டு என்று ஒழுங்காக நின்று ஆடிய அணியை, இரு ஓரங்களிலும் விங்கர்களை விரித்துப் பந்தைத் தரையில் உருட்டி ஆடும் அணியாக மாற்றினார்கள். 2002 உலகக் கோப்பையில் நடப்புச் சாம்பியன் பிரான்ஸை 2-0 என்று வென்று வீட்டுக்கு அனுப்பியதும் இந்த அணிதான். அடுத்த சுற்றில் இங்கிலாந்திடம் 3-0. அத்தோடு லாட்ரப் தனியாகக் கிளம்பினார்.

முதல் வேலை டென்மார்க்கின் பிராண்ட்பி கிளப்பில். இளைஞனாகத் தான் ஆடிய கிளப், அப்பாவும் ஆடிப் பயிற்சி கொடுத்த கிளப். துணைக்கு ஜான் யென்சன். 1992 இறுதியில் ஜெர்மனிக்கு எதிராக முதல் கோல் போட்டவர் அவர். தான் இல்லாத கோப்பையின் நாயகனைத்தான் பக்கத்தில் வைத்துக்கொண்டார் என்பது எனக்குப் பிடித்த விஷயம். வயதான ஆட்டக்காரர்களை மெதுவாக விடுவித்து இளைஞர்களை உள்ளே கொண்டுவந்தார். பின்னாளில் லிவர்பூலுக்குப் போன டேனியல் ஆகர், பிரான்ஸுக்குப் போன தோமஸ் காலன்பெர்க் எல்லாம் இந்தக் காலத்தில் இவர் கையில் வளர்ந்தவர்கள்.

2003-இல் டென்மார்க் கோப்பை. 2004-இல் லீக் பட்டத்தைக் கடைசி நாளில் ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் எஃப்சி கோபன்ஹேகனிடம் விட்டார். 2005-இல் லீக், கோப்பை இரண்டும் வந்தன. நான்கு வருடம் இருந்தார், பயிற்சியாளராக அவருடைய நீண்ட காலம் இதுதான். ஏன் என்று யோசித்தால் பதில் சுலபம்: வீடு மாதிரியான இடம், மேலிருப்பவர்கள் நம்பினார்கள், யாரை எடுப்பது யாரை விடுவது என்பதில் அவர் பேச்சு எடுபட்டது. 2006-இல் புதிய ஒப்பந்தம் வேண்டாம் என்று அவராகத்தான் விலகினார்.

ஒரு வருடம் சும்மா இருந்தார். 2007-இல் ஹெடாஃபே. மாட்ரிட் நகரின் தென் விளிம்பில் இருக்கும் ஊர். ஒரு பக்கம் ரியல் மாட்ரிட், இன்னொரு பக்கம் அட்லெட்டிகோ, நடுவில் இப்படி ஒரு கிளப் இருப்பதே பலருக்குத் தெரியாது. மைதானத்தில் 17,000 பேர் உட்காரலாம், அவ்வளவுதான். முந்தைய பயிற்சியாளர் பெர்ன்ட் ஷுஸ்டரை ரியல் மாட்ரிட் கூட்டிப் போய்விட்டது. ஆரம்பத்தில் வெற்றியே வராமல் தடுமாறினார்கள். ஒத்திகையில் சொதப்பி மேடையில் ஜொலிக்கும் நாடகக் குழு மாதிரி, லீகில் தள்ளாடிக்கொண்டே கோப்பைகளில் மட்டும் பறந்தார்கள். சாம்பியன்ஸ் லீகுக்கு அடுத்த நிலை ஐரோப்பியப் போட்டியான யூஇஎஃப்ஏ கோப்பையில் டாட்டன்ஹாமை அவர்கள் மைதானத்திலேயே 2-1, லிஸ்பனில் பென்ஃபிகாவை 2-1 என்று வென்றார்கள். காலிறுதியில் பேயர்ன் மியூனிக். முதல் ஆட்டத்தில், மியூனிக்கில், கடைசி நிமிடத்தில் கான்ட்ரா கோல் போட்டு 1-1 ஆக்கினார்.

இரண்டாவது ஆட்டம் ஏப்ரல் 10, 2008. ஆறாவது நிமிடத்திலேயே ஹெடாஃபேயின் தெ லா ரெட் சிவப்பு அட்டை வாங்கி வெளியே போனார். எதிரே ரிபேரி, லூகா டோனி, கோல் கம்பத்தில் ஆலிவர் கான். இந்த நிலையில் எந்தச் சின்ன அணியும் செய்வது ஒன்றுதான்: பத்துப் பேரும் கோலுக்கு முன்னால் குவிந்து நிற்பது. இவர்கள் அப்படி ஆடவில்லை. இடைவேளைக்குச் சற்று முன்னால் அதே கான்ட்ரா பந்தை எடுத்துக்கொண்டு ஓடிப் போய் கோல் போட்டார். ருமேனியாக்காரர், பின்வரிசை ஆட்டக்காரர் என்பதைச் சேர்த்துப் படியுங்கள். 89-ஆவது நிமிடம் வரை முன்னிலை. ரிபேரி சமன் செய்தார். கூடுதல் நேரம் தொடங்கிய மூன்றே நிமிடத்தில் காஸ்கெரோ, ப்ராவ்லியோ என்று இரண்டு கோல், 3-1. பத்துப் பேரோடு! அரையிறுதிக்குப் போயாகிவிட்டது என்று ஊரே நினைத்தது. 115-ஆவது நிமிடத்தில் கீப்பர் அபொன்டன்சியேரி கைக்கு வந்த பந்தை நழுவவிட, டோனி உள்ளே தள்ளினார். 120-ஆவது நிமிடத்தில் டோனி தலையால் இன்னொன்று. 3-3. இரண்டு ஆட்டமும் சேர்த்துச் சமமானால் வெளியூரில் அதிகக் கோல் போட்ட அணிக்கே வெற்றி என்ற அன்றைய விதிப்படி பேயர்ன் போனது.

ஆறே நாள் கழித்து ஸ்பெயின் மன்னர் கோப்பை இறுதி. எதிரணி வாலன்சியா, பயிற்சியாளர் ரொனால்ட் கூமன். வெம்ப்ளியில் ஒன்றாகக் கோப்பை தூக்கிய இருவர் ஆளுக்கொரு பக்கம் கோட்டோரம் நின்றார்கள். வாலன்சியா 3-1 என்று ஜெயித்தது. வேடிக்கை என்னவென்றால், கோப்பை வென்ற கூமனை அடுத்த வாரமே கிளப் வேலையை விட்டுத் தூக்கியது. தோற்ற லாட்ரப்பை ஹெடாஃபேயில் கொண்டாடினார்கள். சீசன் முடிந்ததும் அவராகவே கிளம்பினார். அந்தப் பேயர்ன் ஆட்டத்தில் இன்னும் ஐந்து நிமிடம் தாக்குப்பிடித்திருந்தால் அவர் பயிற்சியாளர் வாழ்க்கை வேறு திசையில் போயிருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. நிரூபிக்க முடியாத எண்ணம்தான்.

அடுத்து ஸ்பார்டக் மாஸ்கோ. இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2008 செப்டம்பரில் போனார், 2009 ஏப்ரலில் கோப்பைப் போட்டியில் டைனமோ மாஸ்கோவிடம் 3-0 என்று தோற்றதும் அனுப்பிவிட்டார்கள். ஏழு மாதம்.

2010-இல் மயோர்கா. ஸ்பெயினின் தீவுக் கிளப். முந்தைய சீசனில் ஐந்தாவதாக வந்திருந்தும், கடன் சுமையைக் காரணம் காட்டி ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏ அவர்களை ஐரோப்பியப் போட்டிக்குள் விடவில்லை. நல்ல ஆட்டக்காரர்களை விற்றுவிட்டார்கள். ஊர்க்காரரான டென்னிஸ் வீரர் ரஃபேல் நடால்கூடக் கொஞ்சம் பங்கு வாங்கியிருந்தார். இந்தக் கையிருப்போடு முதல் ஆட்டமே மொரின்யோவின் புதிய ரியல் மாட்ரிட்டோடு, 0-0. பார்சிலோனாவின் சொந்த மைதானத்தில் குவார்டியோலா அணியோடு 1-1. ஆனால் சீசன் கடைசியில் மூச்சு முட்டியது. கடைசி நாளில் அட்லெட்டிகோவிடம் 4-3 என்று தோற்றார்கள். வேறொரு மைதானத்தில் டெபோர்டிவோ தோற்றதால்தான் கீழ் அடுக்குக்கு இறங்காமல் ஒரே புள்ளியில் தப்பினார்கள்.

அடுத்த சீசன் தொடங்கிய ஒரு மாதத்தில், அவருடைய உதவியாளர் எரிக் லார்சன் ஒரு டென்மார்க் பத்திரிகைப் பேட்டியில் கிளப்பின் விளையாட்டு இயக்குநர் செரா ஃபெரரைக் கடுமையாக விமர்சித்தார். கிளப் உதவியாளரை நீக்கியது. உடனே லாட்ரப்பும் ராஜினாமா. பிழைப்புவாதி ஒருவர் உதவியாளரை விட்டுக்கொடுத்துவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருப்பார். 1983-இல் லிவர்பூலிடம் வேண்டாம் என்ற அதே பையன்தான் இது. மரியாதையாகப் பேசுவார், குரல் உயர்த்த மாட்டார், ஆனால் எல்லை என்று தான் நினைக்கும் இடத்தில் நின்றுவிடுவார்.

2012 ஜூன் 15, அவருடைய நாற்பத்தெட்டாவது பிறந்தநாளன்று, அப்போது இங்கிலாந்தின் பிரீமியர் லீகில் ஆடிய வேல்ஸ் கிளப் ஸ்வான்சீ அவரைப் பயிற்சியாளராக அறிவித்தது. லிவர்பூலுக்குப் போன பிரெண்டன் ராட்ஜர்ஸின் இடம். ராட்ஜர்ஸ் அணி பந்தை விடாமல் வைத்திருப்பதில் பேர் போனது, சில சமயம் வைத்திருந்துகொண்டே இருக்கும், முன்னேறாது. லாட்ரப் அதில் கை வைத்த விதம் புத்திசாலித்தனமானது. அடித்தளத்தைக் கலைக்கவில்லை, முன்வரிசைக்குப் பந்து போகும் வேகத்தை மட்டும் கூட்டினார். ஸ்பெயினில் இருந்த பழக்கத்தால் யார் மலிவு, யார் தேறுவார் என்று தெரிந்திருந்தது. ராயோ வயெகானோவிலிருந்து மிச்சுவை 20 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார். அந்தச் சந்தையில் அது சில்லறை. வாலன்சியாவிலிருந்து பாப்லோ எர்னான்டஸ், வியாரியாலிலிருந்து இரவலாக ஜோனத்தன் தெ குஸ்மான், மயோர்காவில் தன்னிடம் ஆடிய சிகோ ஃப்ளோரஸ், கொரியாவின் கி சுங்-யுங்.

முதல் ஆட்டம் லண்டனில் கியூபிஆர் (குவீன்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ்) அணியோடு. எவ்வளவு தெரியுமா? 5-0. மிச்சு இரண்டு கோல். அந்த சீசனில் மிச்சு பிரீமியர் லீகில் மட்டும் 18 கோல் போட்டார். ஆர்சனலை அவர்கள் மைதானத்தில் 2-0 என்று வென்றது டிசம்பரில். லீக் கோப்பை அரையிறுதியில் செல்சியை அவர்கள் மைதானத்திலேயே 2-0 என்று சாய்த்தார்கள். ஸ்வான்சீயில் நடந்த இரண்டாவது ஆட்டம் 0-0. பந்தைத் தர மறுத்து அதன் மேல் படுத்துக்கொண்ட பந்து பொறுக்கும் பையனை செல்சியின் ஹஸார்ட் உதைத்துச் சிவப்பு அட்டை வாங்கினாரே, அது இந்த ஆட்டத்தில்தான்.

2013 பிப்ரவரி 24, வெம்ப்ளி. பழைய வெம்ப்ளியை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியிருந்தார்கள். ஆனாலும் இருபத்தொரு வருடத்துக்குப் பிறகு அதே பேர் கொண்ட இடத்தில் அவர். எதிரே நான்காம் அடுக்கிலிருந்து மூன்று பிரீமியர் லீக் அணிகளைச் சாய்த்துவிட்டு வந்திருந்த பிராட்ஃபோர்ட் சிட்டி. அவர்களுடைய ஓட்டம் அங்கே நின்றது, 5-0. நேதன் டயர் இரண்டு, மிச்சு ஒன்று, தெ குஸ்மான் இரண்டு. கிடைத்த பெனால்டியைத் தானே அடித்து ஹாட்ரிக் முடிக்க வேண்டுமென்று டயர் தெ குஸ்மானோடு களத்திலேயே மல்லுக்கட்டினார். 3-0 முன்னிலையில் இருக்கும் அணிக்கு வரக்கூடிய தகராறு! 1912-இல் தொடங்கிய கிளப்புக்கு அது முதல் பெரிய கோப்பை. லீகிலும் ஒன்பதாவது இடம்.

மார்ச்சில் ஒப்பந்தத்தை நீட்டினார்கள். பதினோரு மாதம் கழித்து வேலை போனது. நடுவில் என்ன நடந்தது? 2013 கோடையிலேயே ஆட்டக்காரர்களை வாங்குவது பற்றி அவருக்கும் தலைவர் ஹியூ ஜென்கின்ஸுக்கும் உரசல் தொடங்கியது. லாட்ரப்பின் ஏஜென்ட் பாய்ராம் டுடும்லு இந்த விவகாரத்தில் மூக்கை நுழைத்தது நிலைமையை இன்னும் கெடுத்தது. செப்டம்பரில், பழைய யூஇஎஃப்ஏ கோப்பையின் புதுப் பெயரான யூரோப்பா லீகில் வாலன்சியாவை அவர்கள் ஊரிலேயே 3-0 என்று வென்றார்கள். 2014 ஜனவரியில் எஃப்ஏ கோப்பையில் மான்செஸ்டர் யுனைடெட்டை ஓல்ட் டிராஃபோர்டில் 2-1 என்று வென்றார்கள். ஆனால் லீகில் வெற்றி அரிதாகிவிட்டது. மிச்சு காயத்தில். வெஸ்ட் ஹாமிடம் 2-0 என்று தோற்ற சில நாளில், பிப்ரவரி 4-ஆம் தேதி நீக்கினார்கள். அப்போது அணி பன்னிரண்டாவது இடத்தில்தான் இருந்தது. கீழ் அடுக்குக்கு இறங்க வேண்டிய பகுதிக்கும் அதற்கும் வெறும் இரண்டு புள்ளி என்பதும் சேர்ந்த உண்மை. இடத்தை நிரப்பியது அணியிலேயே ஆடிக்கொண்டிருந்த கேரி மங்க்.

இங்கே நான் முழுக்க லாட்ரப் பக்கம் இல்லை. இரண்டாவது சீசனில் வியாழக்கிழமை ஐரோப்பியப் போட்டி, ஞாயிற்றுக்கிழமை லீக் என்ற சுமையை அந்தச் சிறிய அணியால் தாங்க முடியவில்லை, அதற்கு மாற்று அவரிடம் இருந்ததாகத் தெரியவில்லை. க்ரைஃப் அன்று சொன்ன குறையின் நிழல் இங்கே விழுகிறது: ஆட்டம் தானாக ஓடும்போது அவரைப் போல் அதை அழகாக்க ஆளில்லை, ஓடாதபோது இழுத்துப் பிடித்து ஓட வைக்கும் முரட்டுத்தனம் அவருக்கு வரவில்லை. கூட ஆடிய குவார்டியோலாவிடம் அது வேண்டிய மட்டும் இருந்தது.

பிறகு கத்தார். லெக்வியா கிளப்பில் ஒரே சீசனில் லீக் பட்டம் வாங்கிவிட்டுக் கிளம்பினார். 2015 கடைசியில் ஓல்சன் டென்மார்க் அணியிலிருந்து விலகியபோது அந்த இடத்துக்கு லாட்ரப்போடு பேச்சு நடந்தது, கூடிவரவில்லை. நார்வேக்காரரான ஓகே ஹரெய்டே வந்தார். 2016 முதல் 2018 வரை கத்தாரிலேயே அல் ராயான் கிளப். அதற்குப் பின் அவர் பயிற்சிப் பக்கம் திரும்பவில்லை. டென்மார்க் டிவியில் ஆட்டங்களை அலசி வந்தார். ஒயின் இறக்குமதி வியாபாரமும் அவருக்கு நெடுநாள் இருந்தது.

ஏன் பெரிய கிளப் இல்லை என்பதற்கு இப்போது பதில் சொல்லலாம். பெரிய கிளப் ஒரு பயிற்சியாளரைத் தேடும்போது கோப்பையை மட்டும் பார்ப்பதில்லை, இவர் மூன்று வருடம் இருப்பாரா என்றும் பார்க்கும். ஹெடாஃபே ஒரு வருடம், மாஸ்கோ ஏழு மாதம், மயோர்கா பதினாலு மாதம், ஸ்வான்சீ இருபது மாதம் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தால் எந்த நிர்வாகிக்கும் தயக்கம் வரும். ஒவ்வொன்றின் பின்னாலும் நியாயமான காரணம் இருந்தது என்பது அந்தத் தாளில் தெரியாது. போதாததற்கு, ஸ்பெயினில் ஒரு வேலை முடிந்து ரஷ்யா, அங்கிருந்து மறுபடி ஸ்பெயின், வேல்ஸ், கத்தார் என்று ஒரு படியிலிருந்து அடுத்த படி என்று இல்லாத பாதை. பிராண்ட்பியில் இருந்தது போல மேலே நம்பி விட்டுவிடுகிற இடம் ஒன்று 2008 கோடையில் கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கலாம். ஆனால் அப்படி விட்டுவிடுகிற பெரிய கிளப் எங்கே இருக்கிறது?

கடைசிக் கேள்வி, எந்த ஆட்டம் பார்ப்பது. வெம்ப்ளி 5-0 வேண்டாம், எதிரணி சமமாக இல்லை. ஹெடாஃபே, பேயர்ன், இரண்டாவது ஆட்டம், முழுசாகப் பாருங்கள். ஒரு ஆள் குறைந்த பிறகும் அந்தப் பத்துப் பேர் பந்தைக் கண்மூடித்தனமாக வெளியே உதைக்காமல் ஒருவருக்கொருவர் கொடுத்து வாங்குவதைக் கவனியுங்கள். மனசு இளகியவர் என்றால் 114-ஆவது நிமிடத்தில் நிறுத்திக்கொள்ளலாம். நான் இரண்டாவது முறை பார்த்தபோது அப்படித்தான் செய்தேன்.